கொடைக்கானலில் ஒரே நாள்: காட்சிமுனைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்

கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக் ஆகிய மூன்று காட்சிமுனைகளையும் காலையில் முடிந்தவரை சீக்கிரம் பார்த்துவிட்டு, ஏரியையும் பிரையண்ட் பூங்காவையும் பிற்பகலுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் ஊர் நடுவில் இருக்கும் ஏரியில் தொடங்கி, உச்சி வேளைக்குப் பிறகு தூண் பாறைக்குப் போய், நுழைவுச்சீட்டும் வாங்கிவிட்டு வெறும் வெண்மையைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

வெயில் ஏற ஏறச் சமவெளியிலும் மலைச்சரிவிலும் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலைமுகட்டை எட்டும்போது குளிர்ந்து மேகமாகிவிடுவதால், பிற்பகலில் பள்ளத்தாக்கு அடிக்கடி மூடிக்கொள்கிறது. தூண் பாறையின் 400 அடி உயரப் பாறைகள்கூட அதில் மறைந்துபோகும். ஏரியில் படகு விடுவதற்கோ பூங்காவில் நடப்பதற்கோ தொலைதூரக் காட்சி தேவையில்லை என்பதால், பிற்பகல் மூடுபனி அங்கே ஒரு குறையாகத் தெரியாது, சொல்லப்போனால் அழகுதான். தூரத்தில் இருக்கும் தூண் பாறைக்கு முதலில் போய், ஊரை நோக்கித் திரும்பும் வழியில் மற்ற இரண்டையும் பார்ப்பது அலைச்சலையும் குறைக்கும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாள்களில் காலையிலும் மேகம் விலகாது என்பதால், அப்போது இந்த வரிசை பயன்படாது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி நண்பகலில்தான் வந்து சேர்கிறீர்கள் என்றாலும் அப்படியே.