ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை வீட்டிலேயே மாற்றலாம், காடியை ஒழுங்காக அளந்தால்

முதலில் கண்டுபிடித்தது எறும்புகள்தான். கதவின் கீழ்மூலை வழியாக ஒரு வரிசை உள்ளே போய், கருப்பட்டிப் பாகு வைத்திருந்த கிண்ணத்தைச் சுற்றி விறைத்துக் கிடந்தது. மூடிய ஃபிரிட்ஜுக்குள் எறும்பு போகிறது என்றால் காற்றும் போகிறது என்றுதான் பொருள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது: ஃப்ரீசரில் இரண்டு விரற்கடை தடிமனுக்குப் பனி, கதவோரம் எப்போதும் வியர்வை, இரவு பதினோரு மணிக்கும் ஓயாத கம்ப்ரசர்.

பார்க்க வந்த மெக்கானிக், “கேஸ் இறங்கிவிட்டது, நாலாயிரம் ஆகும்” என்றார். கேஸ் குறைந்த ஃபிரிட்ஜில் பொதுவாகப் பனி சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். எங்கள் ஃப்ரீசரோ பனிமலையாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தேன்.

நோட்டைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக் கதவை மூடுங்கள். இழுத்தால் கொஞ்சமாவது முரண்டு பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நாலு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும் கீல் இருக்கும் பக்கத்திலும் சோதியுங்கள். எங்கள் வீட்டில் கீழ்ப்பக்கம் முழுவதும் நோட்டு தானாகவே கீழே விழுந்தது. எங்கள் ஊர் தூத்துக்குடி. கடற்காற்றின் ஈரம் முழுவதும் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்ப் பனியாக உறைந்துகொண்டிருந்திருக்கிறது.

ரப்பர் என்று நாம் சொல்வது உண்மையில் மெத்தென்ற பிவிசி. கடையில் கேஸ்கெட் என்றும் சொல்வார்கள். அதன் முன்மடிப்புக்குள் வளையக்கூடிய ஒரு காந்தப் பட்டை ஓடுகிறது. பெட்டியின் இரும்பு முகத்தில் ஒட்டிக் கதவை இறுக்குவது அதுதான். பின்பக்கம் அம்புமுனை போல ஒரு விளிம்பு, கதவின் உட்பக்கப் பிளாஸ்டிக்கில் உள்ள காடியில், அதாவது சுற்றிலும் ஓடும் ஒடுங்கிய பள்ளத்தில், செருகியிருக்கும். நாள்பட நாள்பட பிவிசி இளக்கம் போய் விறைத்து, மூலைகளில் வெடித்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு முறை கழுவிப் பாருங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். மாவு வழிந்து காய்ந்த பொருக்கு மடிப்புக்குள் இருந்தாலே ரப்பர் ஒட்டாது. எங்கள் ரப்பரில் கழுவியதும் வெடிப்புதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“ஒரு கொக்கி போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் என்ன?” என்று அத்தை கேட்டார். அந்தக் காலத்து ஃபிரிட்ஜுகளில் கொக்கிதான் இருந்தது. ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுத்திணறி இறந்ததால், உள்ளிருந்து திறக்க முடியாத கதவுகள் கூடாது என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே கொண்டுவந்தார்கள். காந்த ரப்பர் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆகவே கொக்கி வேண்டாம், அத்தை.

அளவெடுப்பது (நான் கோட்டை விட்ட இடம்)

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். இந்த ஒரு படியில் எனக்கு 550 ரூபாய் போயிற்று.

உங்கள் ஃபிரிட்ஜின் மாடல் எண் பெரும்பாலும் உள்ளே, காய்கறித் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அந்த எண்ணுக்குக் கம்பெனி ரப்பர் கிடைத்தால் அளவே எடுக்க வேண்டாம், விலை கொஞ்சம் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். எங்கள் மாடல் வருவது நின்றுவிட்டதால், உதிரிபாகக் கடையில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களிடம் நீள நீளமாக ரப்பர் இருக்கும். அளவுக்கு வெட்டி, மூலைகளைச் சூட்டில் ஒட்டித் தருவார்கள்.

நான் இஞ்ச் டேப்பை வைத்து ரப்பரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தேன். அகலம் 51 சென்டிமீட்டர், உயரம் 104. சீட்டில் எழுதிக் கடைக்கார அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் ரப்பர் வந்தது. மாட்டிப் பார்த்தால் நாலு பக்கமும் பாவாடைச் சுருக்கம் மாதிரி தொங்குகிறது. திருப்பிக் கொண்டுபோனபோது அண்ணாச்சி கேட்டார்: “காடிக்குக் காடி அளந்தீர்களா, விளிம்புக்கு விளிம்பு அளந்தீர்களா, தங்கச்சி?” அவர் வெட்டியது காடி அளவென்று நினைத்து. நான் கொடுத்தது விளிம்பளவு. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி!

சரியான முறை இதுதான். பழைய ரப்பரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுங்கள், காடி தெரியும். இடது காடியின் நடுவிலிருந்து வலது காடியின் நடுவுக்கு அகலம், மேல் காடியின் நடுவிலிருந்து கீழ்க் காடியின் நடுவுக்கு உயரம். எங்கள் கதவில் அது 48.5, 101.5. அதாவது அகலத்திலும் உயரத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் “காடிக்குக் காடி” என்று எழுதிவிடுங்கள்.

அளவு மட்டும் போதாது. அந்த அம்புமுனையின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று சன்னமாக இருக்கும், ஒன்று இரட்டை முனையோடு இருக்கும். ரப்பரைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி, அருகில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதைவிட நல்லது, பழையதை முழுவதும் கழற்றிக் கையோடு கொண்டுபோவது. இந்த வகை ரப்பரைக் கழற்றினாலும் மறுபடி அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜைக் காலி செய்து பனி கரைக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் முடியும்.

மாட்டும் நாள்

காலையில் பால் பாத்திரம் காலியானதும் ஆரம்பியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

புது ரப்பர் மடித்துச் சுருட்டித்தான் வரும். மடித்த இடமெல்லாம் நெளிந்திருக்கும். அப்படியே மாட்டினால் அந்த நெளிவுதான் நாளைக்கு இடுக்கு. ஹேர் டிரையரால் சூடேற்றச் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு இடம் சூடாவதற்குள் மற்ற இடம் ஆறிவிடுகிறது, கை அசராமல் ஒரே இடத்தில் காட்டினால் கதவின் உள்பிளாஸ்டிக்கே கோணிப்போகும். கல்யாண வீட்டு அண்டா இருந்தால் எடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, ரப்பரைப் பத்து நிமிடம் மூழ்க வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. எடுத்துத் துடைத்து, மொட்டைமாடியில் வேட்டி விரித்து அதன் மேல் கதவின் வடிவத்திலேயே அரை மணி நேரம் பரப்பி வையுங்கள். எங்கள் ஊர் வெயிலில் அதற்கு மேல் தேவைப்படவில்லை. டிரையரைக் கடைசியில் மூலை திருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பழையதை ஒரு மூலையில் தொடங்கி மெல்ல இழுத்தால் பட் பட்டென்று வந்துவிடும். காடிக்குள் பத்து வருட அழுக்கு இருக்கும். ஈரத்துணியை ஒரு ஐஸ்குச்சியில் சுற்றி உள்ளே ஓட்டுங்கள். கரப்பான் முட்டைக்கூடு கிடைத்தால் கத்தாதீர்கள், நான் கத்தினேன்.

இனி மாட்டுவது. மேலே இரண்டு மூலை, அடுத்து கீழே இரண்டு மூலை. நாலும் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஓர் இடம் அழுத்துங்கள். அப்புறம்தான் மூலையிலிருந்து நடுவை நோக்கி விரல் விரலாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சும், அல்லது போதாமல் போகும். இறங்க மறுத்தால் காடியில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கட்டைவிரல் வலித்தால் மரக்கரண்டியின் கைப்பிடியால் அழுத்தலாம். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், ஒரு வழுக்கலில் புது ரப்பர் கிழிந்துவிடும். சரியாக இறங்கும்போது விரலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு சின்ன உணர்வு வரும். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தெரியும்.

சிலிகான், பசை எதுவும் வேண்டாம். காடியே பிடித்துக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார், அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

மூடிப் பார்த்தபோது எனக்குக் கீல் பக்கத்துக் கீழ்மூலையில் ஒரு நூல் இடைவெளி நின்றது. எவ்வளவு அழுத்தியும் போகவில்லை. அந்த இடத்தில் ரப்பரின் மடிப்பை வெளியே இழுத்து, டிரையரால் கொஞ்சம் இளக்கி, பஞ்சுத் திரியை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். மறுநாள் காலையில் திரியை எடுத்தபோது ரப்பர் உப்பிய நிலையிலேயே நின்றது, நோட்டும் பிடித்துக்கொண்டது. கீல் பக்கம் கதவு மூடும்போது ரப்பர் உரசி உள்ளே மடிந்துகொண்டால், அங்கே பெட்டியின் இரும்பு முகத்தில் மிக மெல்லியதாக வாஸ்லின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியையும் எறும்பையும் கூப்பிடும்.

இன்னொரு சோதனை: இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் எரியும் கைப்பேசியை ஃபிரிட்ஜுக்குள் கதவைப் பார்த்த மாதிரி வைத்து மூடுங்கள். எந்த மூலையிலாவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே இன்னும் வேலை பாக்கி.

பின்சேர்க்கை 1: “என் ரப்பர் இழுத்தால் வரவில்லை, அடியில் திருகுகள் இருக்கின்றன” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பழைய ஃபிரிட்ஜுகளில் அப்படித்தான். ரப்பரின் உள்விளிம்பைத் தூக்கினால் வரிசையாகத் திருகுகள் தெரியும், உள்பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் சேர்த்துப் பிடித்திருப்பவை அவைதான். எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள். கதவு விறைப்பாக நிற்பதே அவற்றால்தான், கழற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும். மேல்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, பழையதை உருவி, அந்த இடுக்கிலேயே புதியதைச் செருகுங்கள். முழுவதும் முடுக்கும் முன் கதவை மூடி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைக்கு மட்டும் அளவு காடிக்குக் காடி இல்லை, விளிம்புக்கு விளிம்பு. ஆமாம், நான் முதலில் எடுத்த அளவு.

பின்சேர்க்கை 2: புது ரப்பர் போட்டும் மேல்மூலையில் இடைவெளி என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். படத்தில் ஃபிரிட்ஜ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. ரப்பர் என்ன செய்யும்? முதலில் ஸ்டாண்டைச் சமப்படுத்துங்கள், முன்பக்கம் மட்டும் ஒரு நூல் உயர்ந்திருக்கலாம், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதன் பிறகும் கதவு தொங்கினால் கீல் திருகைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: மாற்றிய பிறகு கதவை மூடியவுடனே மறுபடி திறந்தால் வர மறுக்கிறதா? கவலை வேண்டாம். உள்ளே போன சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் கதவை உள்ளே இழுக்கிறது. அரை நிமிடத்தில் விட்டுவிடும். பழைய ரப்பரில் இது நடந்திருக்காது.

பின்சேர்க்கை 4: அந்த 51க்கு 104 ரப்பர் இன்னும் பரணில் ஆணியில் தொங்குகிறது. காடிக்குக் காடி அதே அளவுள்ள கதவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன். அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.