சிலிக்கன் (111) பரப்பை அணு அளவுக்குத் தட்டையாக்குவது எப்படி?

ஒற்றைப் படிக சோலார் செல்லுக்கு எடுக்கும் சிலிக்கன் வேஃபர் (மெல்லிய தகடு) (100) தளம். (100), (111) என்பவை படிகத்தை எந்தத் திசையில் வெட்டிய தளம் என்பதைக் காட்டும் குறியீடுகள். அப்படியிருக்க (111) வேஃபரைப் பற்றி எதற்கு எழுதுகிறேன்? விழுகிற வெளிச்சம் திரும்பிப் போகாமல் இருக்க அந்த வேஃபரைக் காரத்தில் அரித்துக் குட்டிக் குட்டிப் பிரமிடுகள் உண்டாக்குவார்கள். அந்தப் பிரமிடுகளின் சரிவுகள் (111) தளங்கள், அடியோடு 54.7 டிகிரி சாய்ந்து நிற்பவை. செல்லுக்கு மேல்முகமாக அமைவது அதுதான். சரிவில் ஊசியை ஓட்டி அல்லாடுவதைவிட, தட்டையான (111) வேஃபரை வாங்கி அதைத் தயார்செய்து ஏஎஃப்எம்மில் (நுண்ணிய ஊசியால் பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கி) பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

அசிட்டோன், ஐசோபுரோபனாலில் கழுவுவது, ஃபியூம் ஹூட்டை ஓடவிடுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி, வெட்டுவது. வைர முனையால் ஓரத்தில் மட்டும் சின்னக் கீறல் போட்டு அழுத்தினால் போதும், படிகம் தானே பிளக்கும். (100) வேஃபர் சதுரமாக உடையும். (111) 60 டிகிரியில்தான் உடையும், சதுரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தூளை நைட்ரஜனால் ஊதிவிடுங்கள். துடைக்காதீர்கள், பளபளப்பான பக்கத்தில் கீறல் விழும்.

இரண்டாவது, சுத்தம். 1965இல் ஆர்சிஏ நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் உருவாக்கிய முறையைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறோம். தண்ணீர் 5 பங்கு, அம்மோனியா 1 பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு. முதலில் தண்ணீரையும் அம்மோனியாவையும் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அப்புறம் பெராக்சைடை ஊற்றுங்கள். குமிழி வர ஆரம்பித்ததும் துண்டை உள்ளே விட்டு 10 நிமிடம் வைக்கவும். பெராக்சைடு புதிதாக இருக்க வேண்டும். அது வீரியம் இழந்திருந்தால் மிஞ்சுவது வெறும் அம்மோனியா. அது சிலிக்கனை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். கழுவி எடுக்கும்போது பரப்பு முழுக்கத் தண்ணீர் படலமாகப் படர்ந்திருந்தால் மெல்லிய ஆக்சைடு உருவாகிவிட்டது என்று பொருள்.

சுத்தம் செய்யப் பிரானா கரைசலை (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) பலர் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கரிமப் பிசுக்கு கொஞ்சம் கூடினாலும் பொங்கும், புதியவர்கள் கையில் கொடுக்கிற சமாசாரம் இல்லை. மூடி போட்ட பாட்டிலில் அதைச் சேமிப்பது அதைவிட ஆபத்து.

மூன்றாவது படிதான் விஷயமே. இங்கேதான் நானும் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக்சைடை எடுக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்கினால் பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும், சரி. ஆனால் பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். 40 சதவீத அம்மோனியம் ஃப்ளூரைடு வேறு ரகம். பரப்பில் ஓர் அணு அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள் படிக்கட்டு போல இருக்கும். அது அந்தப் படிகளின் விளிம்பில் இருக்கும் அணுக்களை வேகமாகவும், தளத்தின் நடுவில் இருப்பவற்றை மிக மெதுவாகவும் அரிக்கும். அதனால் தளங்கள் அகலமாகத் தட்டையாகி நிற்கும். ஆக்சைடையும் அதுவே கரைத்துவிடுவதால் நான் அமிலத்தையே தொடுவதில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் ஏஎஃப்எம் படத்தில் தளம் முழுக்க முக்கோணக் குழிகள். வேஃபரை மாற்றினேன், பாட்டிலை மாற்றினேன், குழிகள் போகவில்லை. காரணம் கரைசலில் கரைந்திருந்த ஆக்சிஜன். அது தளத்தின் நடுவே அணுக்களைத் தாக்கிக் குழி தோண்ட ஆரம்பித்து வைக்கும், மிச்சத்தை ஃப்ளூரைடு பார்த்துக்கொள்ளும். தீர்வு எளிது: துண்டை விடுவதற்கு முன் அரை மணி நேரமாவது ஆர்கான் வாயுவைக் கரைசலுக்குள் குமிழியாக விடுங்கள். துண்டு உள்ளே போனதும் குழாயைத் திரவத்துக்கு மேலே தூக்கி, வாயு ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஆர்கான் வசதி இல்லாதவர்கள் கொஞ்சம் அம்மோனியம் சல்ஃபைட் சேர்ப்பதுண்டு, அதுவும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு ஆர்கான்தான் திருப்தி.

15 நிமிடம் போதும். துண்டைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் குமிழி பரப்பில் ஒட்டினால் அந்த இடத்தில் வட்டமாகத் தடம் விழும். பீக்கரும் ட்வீசரும் டெஃப்லானாக இருக்கட்டும். கண்ணாடியை ஃப்ளூரைடு தின்றுவிடும், ஸ்டீல் ட்வீசர் உலோக அழுக்கை விட்டுவைக்கும்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாக: அமிலம் இல்லை என்பதால் அசட்டையாக இருக்காதீர்கள். அம்மோனியம் ஃப்ளூரைடில் அமிலம் கலந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமே உருவாகும். கால்சியம் குளூக்கோனேட் ஜெல்லை பாட்டில் திறக்கும் முன்பே மேசையில் எடுத்து வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃப்ளூரைடு பட்டால் வலி தாமதமாகவும் வரலாம். எரியவில்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. ஜெல் தடவிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

வெளியே எடுக்கும்போது மெதுவாக இழுங்கள். வேலை சரியாக நடந்திருந்தால் கரைசல் தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் வழிந்துவிடும், துண்டு உலர்ந்தே வெளியே வரும். உப்பு மிச்சம் இருந்தால் ஆர்கான் விட்ட தண்ணீரில் சில நொடிகள் மட்டும் முக்கி எடுங்கள். குழாயடியில் நிறுத்தி நிதானமாகக் கழுவினால் பட்ட பாடெல்லாம் வீண். உடனே நைட்ரஜன் பெட்டிக்குள்ளோ வெற்றிடத்துக்குள்ளோ போய்விட வேண்டும்.

ஏஎஃப்எம்மில் 0.31 நானோமீட்டர் உயரப் படிகள் வரிசையாகத் தெரிய வேண்டும்.

பின்சேர்க்கை: படிகளே தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வேஃபரின் சாய்வுக் கோணத்தை, அதாவது வெட்டிய பரப்பு சரியான (111) தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். 0.2 டிகிரி சாய்வென்றால் தளத்தின் அகலம் 90 நானோமீட்டர் வரும், நன்றாகத் தெரியும். 1 டிகிரி என்றால் 18தான். மழுங்கிய ஊசிக்கு அது பிடிபடாது.

இன்னொன்று: (100) வேஃபரில் இதே முறை வேலை செய்யவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். செய்யாது. அம்மோனியம் ஃப்ளூரைடு (100) பரப்பில் சின்னச் சின்ன (111) முகங்களைத்தான் தோண்டி எடுக்கும், பரப்பு முன்னைவிடச் சொரசொரப்பாகும். (100)க்கு நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிறிது நேரம் முக்குவதே வழக்கம். அதை அந்த அமிலத்தில் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.