மலை எறும்பாகிப் போன கதை: நிலக்காட்சிப் படமெடுக்க லென்ஸ் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுக்குமலைக்கு முதல் தடவை போனபோது என் பையில் ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. 10-20 மி.மீ. வைட் லென்ஸ் (இந்த எண் சிறுத்தால் பார்வை அகலும், பெருத்தால் தூரத்தில் உள்ளது கிட்டே வரும்), வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சூரியநெல்லியில் விடியற்காலை நாலு மணிக்கு ஜீப் ஏறி, இடுப்பு கழன்றுவிடும்போலக் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தால், தேனிப் பக்கம் முழுக்க மேகம் கடலாகப் படுத்திருந்தது. அதற்குள்ளிருந்து மலைமுகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநீட்டின. வெறிபிடித்தவன்போல நூற்றைம்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் மேல்பாதி வெறும் வானம், கீழ்ப்பாதி இருட்டுப் புல், நடுவில் எறும்பு ஊர்ந்த கோடுபோல ஒரு மலைத்தொடர். எனக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் பழைய 55-250 லென்ஸை வைத்துக்கொண்டு அதே முகடுகளை அடுக்கடுக்காகப் பிடித்திருந்தான். அங்கேயே திரையில் காட்டினான். வயிறு எரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

லேண்ட்ஸ்கேப் என்றால் வைட் லென்ஸ் என்பதுதான் நான் கேட்ட முதல் பாடம். அதுவே நான் செய்த முதல் தவறும். வைட் லென்ஸ் நிறைய இடத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும், காலடியில் இருப்பதைப் பெரிதாக்கிவிடும். காலடியில் நல்லதாக ஒன்று இருந்தால்தான் அந்த லென்ஸுக்கு வேலை. பாசி படிந்த பாறை, அலை விட்டுப்போன கோடு, பூத்த செடி, ஏதாவது ஒன்று. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் கம்பிவேலிக்குப் பின்னால் நின்று பள்ளத்தாக்கை எடுக்கிறவருக்கு முன்னால் அப்படி என்ன இருக்கிறது? வேலிதான் இருக்கிறது. அங்கே 70 மி.மீ.க்கு மேல் போனால்தான் மலை மலையாகத் தெரியும்.

அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் அங்குள்ள நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே சின்ன ஊர், வெளிச்சம் பட்ட கல்லறைச் சிலுவைகள், மேலே கறுத்த வானத்தில் நிலா. அத்தனை பெரிய வானத்தைப் பார்த்ததும் வைட் லென்ஸ் என்றுதான் தோன்றும். அவர் வைத்திருந்தது 8×10 அங்குல ஃபிலிம் கேமரா, அதில் 23 அங்குல லென்ஸ். இன்றைய ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் ரோல் அளவே உள்ள சென்சார்) கணக்கில் அது சுமார் 80 மி.மீ. வரும். கல்யாண வீட்டில் மணப்பெண் முகத்தை எடுக்க வைத்திருப்போமே, கிட்டத்தட்ட அந்த லென்ஸ்.

தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் வாங்கியவர்கள் அடுத்துச் சொல்லும் குறை: “தூரத்து மலை ஷார்ப்பாகவே வரவில்லை, லென்ஸ் மோசம்.” எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்டால் பதினொரு மணி என்பார்கள். வெயில் ஏறிய சமவெளிக்கு மேலே காற்று கானல்போல அலைந்துகொண்டிருக்கும். 200 மி.மீ. லென்ஸ் அந்த அலைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் அதே கதைதான். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அதே லென்ஸால் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது எண் குழப்பம். ரூபாய்க் கணக்கில் இதுதான் அதிகம் வலிக்கும் தவறு என்பேன். வெளிநாட்டு விமர்சனங்களில் 16-35 லென்ஸைப் புகழ்ந்து தள்ளுவார்கள். அவர்கள் கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் கேமரா. நம்மில் பலரிடம் இருப்பது அதைவிடச் சின்ன கிராப் சென்சார், காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும். லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் கேமராக்களில் 1.5ஆலும், கேனானில் 1.6ஆலும் பெருக்க வேண்டும். அதாவது நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய 16-35, 1.5ஆல் பெருக்கும் கேமராவில் 24-52 மாதிரி நடந்துகொள்ளும். கேமராவோடு சும்மா வந்த 18-55 கிட் லென்ஸ் ஏற்கெனவே 27இல் தொடங்குகிறது. அந்த மூன்று மி.மீ. வித்தியாசத்துக்கா அவ்வளவு பணம்? கிராப் கேமராவுக்கு உண்மையான வைட் வேண்டுமென்றால் 10 அல்லது 11இல் தொடங்கும், அந்தக் கேமராவுக்கென்றே செய்த லென்ஸைப் பாருங்கள். விலையும் குறைவு, எடையும் குறைவு.

சரி, எதைத்தான் வாங்குவது? யாரிடமும் கேட்பதற்கு முன்னால் உங்கள் பழைய படங்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு படத்தோடும் எந்த மி.மீ.யில் எடுத்தது என்ற குறிப்பு பதிவாகியிருக்கும். லைட்ரூம் மென்பொருளில் அதை வைத்தே வடிகட்டிப் பார்க்கலாம். அது இல்லாவிட்டால் கணினியில் படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தால் போதும். உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். நண்பர் ஒருவரின் டெலி லென்ஸை ஒரு வருடம் இரவல் வாங்கி ஓட்டிய பிறகு நான் அப்படிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 70க்கும் 200க்கும் நடுவில் இருந்தன. 14க்குக் கீழே போனவை ஏழே ஏழு. கிட் லென்ஸில் எடுத்தவை எல்லாம் 18இலேயே முட்டிக்கொண்டு நிற்கின்றன என்றால் உங்களுக்கு வைட் தேவை. எல்லாம் 55இல் முட்டிக்கொண்டு நின்றால் டெலி தேவை. நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் லென்ஸ் எதுவும் வேண்டாம், அந்தப் பணத்துக்கு வால்பாறைக்கு நாலு தடவை போய் வரலாம்.

எஃப்/2.8 மோகம் தனி நோய். அப்பர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் எண் சிறுத்தால் துளை பெரிது. பெரிய அப்பர்ச்சர் என்றால் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு. நிலக்காட்சியைப் பெரும்பாலும் எஃப்/8, எஃப்/11இல்தான் எடுக்கப்போகிறோம். அந்த இடத்தில் எஃப்/2.8 லென்ஸுக்கும் எஃப்/4 லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எடையில் கண்டுபிடித்துவிடலாம். கேனானின் ஆர்எஃப் 15-35 எஃப்/2.8 லென்ஸ் 840 கிராம், 14-35 எஃப்/4 லென்ஸ் 540 கிராம். கால் கிலோவுக்கு மேல் மிச்சம், அதாவது ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். ஏற்றத்தில் அந்த பாட்டில்தான் தேவைப்படும். பால்வீதியை எடுக்கிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. எஃப்/4ஐவிட எஃப்/2.8 இரண்டு மடங்கு வெளிச்சம் தரும், இருட்டில் அது பெரிய விஷயம். அதற்கும் விலை குறைந்த 14 மி.மீ. மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது மலிவு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எல்லாம் ஷார்ப்பாக வரவேண்டும் என்று எஃப்/22க்கு மூடிவிடுவது. துளை சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறும், படம் முழுக்க மெல்லிய மழுக்கம் வந்துவிடும். கிராப் சென்சாரில் எஃப்/11ஐத் தாண்டினாலே பெரிதாக்கிப் பார்க்கும்போது அது தெரிய ஆரம்பிக்கும். இதைச் சொன்னால், 1932இல் ஆடம்ஸும் அவர் கூட்டாளிகளும் தங்கள் குழுவுக்கே எஃப்/64 என்று பெயர் வைத்தார்களே என்று மடக்குவார்கள். அவர்கள் ஃபிலிம் நம் சென்சாரைவிட எத்தனை பெரியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 8×10 ஃபிலிமில் எஃப்/64 தரும் ஆழம் (முன்னிருந்து பின்வரை தெளிவாக வரும் தூரம்), ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ எஃப்/9 தரும் ஆழம்தான். அவர்களைப் பின்பற்ற ஆசையென்றால் எஃப்/8இலோ எஃப்/11இலோ நில்லுங்கள்.

அந்த எஃப்/8 போதுமா? கிராப் கேமராவில் 18 மி.மீ., எஃப்/8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். பலர் மலையில் ஃபோகஸ் செய்துவிட்டு முன்னால் உள்ள புல் மங்கிவிட்டதே என்று அப்பர்ச்சரைத் திட்டுவார்கள். பூ ஒரு சாண் தூரத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே எஃப்/22 வைத்தாலும் எட்டாது. கேமராவை அசைக்காமல் பூவில் ஒன்று, மலையில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, அப்புறம் கணினியில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அசைக்காமல் என்றதும் டிரைபாட் வந்துவிடுகிறது. எண்பதாயிரத்துக்கு லென்ஸ் வாங்கிவிட்டு ஆயிரத்தைந்நூறுக்கு டிரைபாட் வாங்குவது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் வாங்கினேன். தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்த தேவாலயத்துக்குப் பின்னால் நின்று நாலு வினாடி எக்ஸ்போஷர் (ஒளி உள்ளே வரும் நேரம்) வைத்தேன். அந்தக் காற்றில் டிரைபாட் சாமியாடியது. ஒரு படம்கூடத் தேறவில்லை. நடுத்தண்டை உயர்த்தாமலே கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை வருகிற உயரம், இறுக்கிய பிறகு கேமராவைத் தொங்கவிடாத தலை, இந்த இரண்டும் இருந்தால் போதும். பையை மாட்டி எடை கூட்டுகிறவர்கள் பை தரையில் லேசாகத் தொடும்படி மாட்டுங்கள். அந்தரத்தில் ஆடும் பை ஊஞ்சல் ஆட்டி டிரைபாட்டையும் ஆட்டும். கடற்கரை மணலில் கால்களை நன்றாக ஊன்றி அழுத்திய பிறகே ஃப்ரேம் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தின்றுவிடும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் விஷயத்தில் கடைக்காரர் கட்டிவிடும் மலிவு யுவி கண்ணாடிதான் முதல் வீண்செலவு. சூரியனை எதிர்த்து எடுத்தால் அது தன் பங்குக்கு ஒரு ஒளிப்பொட்டைச் சேர்க்கும். போலரைசர் அப்படியல்ல. ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பை அது வழித்தெடுப்பதுபோல எந்த மென்பொருளும் எடுப்பதில்லை. அருவிக்குப் போகிறவர்கள் வேறெதையும் மறந்தாலும் அதை மறக்கக்கூடாது. ஆனால் வைட் லென்ஸில் நீலவானத்தை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தை மட்டும் அது கறுப்பாக்குவதால், படத்தின் நடுவில் திட்டாக ஒரு கருநீலம் வந்து நிற்கும். தண்ணீரைப் பட்டுபோல ஓடவிடும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை (ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால், 1/30 வினாடி எக்ஸ்போஷர் 34 வினாடியாகிவிடும். எனவே ஃபோகஸ் செய்த பிறகே அதை மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்காதீர்கள். இருப்பதில் பெரிய லென்ஸின் அளவுக்கு ஒரு செட் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே வரி: 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3 தாள் முழுக்க அச்சிட 17 மெகாபிக்சல் போதும், 4கே டிவிக்கு 8 சொச்சம் போதும்.

வாங்கியதைக் காப்பாற்றுவதில் நம் ஊருக்கென்று சில தவறுகள் உண்டு. ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த கேமராவை ராமேஸ்வரம் காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும், துடைக்கத் துடைக்க வியர்க்கும். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. மூடிய பிளாஸ்டிக் பையிலேயே வைத்து, அரை மணி நேரம் முன்னால் அறையை விட்டு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்தது பூஞ்சை. மலையில் மழை நனைந்த பையோடு லென்ஸை அப்படியே பீரோவுக்குள் வைப்பது, அதற்கு விருந்து வைத்து அழைப்பதுதான். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரி வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வைத்துச் சமாளிக்கலாம். 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் மீட்டர் நின்றால் நல்லது. அரிசி டப்பாவுக்குள் வைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

பழைய லென்ஸ் வாங்கும்போதும் பூஞ்சைதான் முதல் சோதனை. போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறது.

என்னுடைய 10-20ஐ அன்றைக்கு ஆத்திரத்தில் விற்கப் பார்த்தேன், கேட்ட விலை கிடைக்கவில்லை. பீரோவில் கிடந்தது. 2018இல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். சரிவில் மண்டியிட்டு, பூங்கொத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, பின்னால் மலைச்சரிவு முழுக்க வரும்படி எடுத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி, அடுத்த பூப்பு 2030இல். அதுவரை அந்த லென்ஸில் பூஞ்சை பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.