கொலை வழக்கில் குடும்பமும் சாட்சியும் தவறவிடக் கூடாத நாட்கள்: படிப்படியாக

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சாவு வீட்டில் யாருக்கும் காகிதம் நினைவிருக்காது. சட்டத்தின் நாட்கணக்கோ முதல் நாளே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால் அழுகைக்கு நடுவிலும் உறவில் நிதானமான ஒருவர் கையில் ஒரு கோப்பைக் கொடுங்கள். எந்தத் தாள் வந்தாலும் போனாலும் தேதி எழுதி அதில் சேர்ப்பது அவர் வேலை.

கீழே உள்ள பிரிவு எண்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்கள். இந்தச் சட்டம் இறந்தவரின் வாரிசையும் 'பாதிக்கப்பட்டவர்' என்றே கணக்கில் கொள்கிறது. இனி வரும் உரிமைகள் அந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன.

படி 1: புகாரில் யார் கையெழுத்து?

வயல்காட்டில் உடல் கிடந்தால், பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரே புகார் எழுதிக் கொடுத்துவிடுகிறார். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் வழக்கில் புகார்தாரர் அவராகிவிடுகிறார், குடும்பம் அல்ல. இதன் விலை நான்காம் படியில் தெரியும். முடிந்தவரை குடும்பத்தில் ஒருவரே புகார் கொடுங்கள்.

சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள நிலையத்திலேயே கொடுக்கலாம் (பிரிவு 173). அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். இணையவழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. கொலை போன்ற குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நிலையத்தில் மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கொலைக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் வழக்கைத் தொடர்ந்து நடக்கும் சிறு அடிதடிகளுக்கு உண்டு. ஓராண்டுவரை சிறைத் தண்டனை உள்ள குற்றமென்றால் 1 ஆண்டு, 3 ஆண்டுவரை என்றால் 3 ஆண்டு. அதற்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்பது கடினம்.

படி 2: சாட்சியாக அழைக்கப்பட்டால்

பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. விசாரணை அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும் (பிரிவு 179). மற்றவர்களை அழைப்பதும் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். 'சும்மா வந்துவிட்டுப் போங்கள்' என்ற தொலைபேசி அழைப்பு சட்டப்படியான அழைப்பு அல்ல.

காவல்துறை எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது (பிரிவு 181). கையெழுத்து கேட்டால் மரியாதையாக மறுக்கலாம். மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. பழைய ஆட்கள் 164 என்று சொல்வது, இப்போது 183.

மிரட்டல் வந்தால் மறைக்காதீர்கள். முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி, பிறழ் சாட்சி என்று பெயர் வாங்கியவர்களைப் பழிக்கும் நாம், அவர்கள் வீட்டு வாசலில் இரவில் யார் வந்து நின்றார்கள் என்று கேட்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். காவல்துறை 5 வேலை நாளில் அச்சுறுத்தல் குறித்து அறிக்கை தர வேண்டும். ரோந்து, வீட்டில் கண்காணிப்புக் கேமரா, தற்காலிக இடமாற்றம் எனப் பாதுகாப்பு கிடைக்கும். ஒரு முறைக்கு 3 மாதம்வரை. பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம்.

படி 3: தொண்ணூறாவது நாள்

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை காவல்துறைக்கு உண்டு (பிரிவு 193). நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். தகவல் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

இதற்குள் ஒரு வழக்கறிஞரை வைத்துவிடுவது நல்லது. வழக்கறிஞர் இருந்தால்தான் குற்றப்பத்திரிகை நகல் உங்களுக்கும் கிடைக்கும். குற்றம்சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும் (பிரிவு 230). பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். உதவி எண் 15100.

படி 4: ஆர்.சி.எஸ். நோட்டீஸ்

வழக்கைக் கைவிடுவதாகக் காவல்துறை முடிவெடுத்தால் வரும் தாள் இது. தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கி அலமாரியில் செருகிவிட்ட குடும்பங்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். குறித்த நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபனை மனு போட்டால், மறுபடி விசாரிக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இந்த நோட்டீஸ் புகார்தாரருக்குத்தான் வரும். 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: புகார்தாரர் அல்லாத உறவினருக்கு நோட்டீஸ் பெறும் உரிமை இல்லை, தாமாக அறிந்து வந்தால் தங்கள் தரப்பைச் சொல்லலாம். புகார் கொடுத்தவர் கிராம நிர்வாக அலுவலர் என்றால், அவரிடமும் நீதிமன்றத்திலும் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருங்கள்.

படி 5: இழப்பீடு

குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். அது 2 மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் (பிரிவு 396). இறந்தவர் பெண் என்றால், குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018-ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தில் ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம்வரை, சம்பவத்திலிருந்தோ வழக்கு முடிந்ததிலிருந்தோ 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் நிவாரணம் தனி. மத்திய விதிகளில் கொலைக்கு ரூ.8.25 லட்சம்: பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். ஜாமீன் மனு விசாரணையில் குடும்பத்துக்கு நோட்டீஸ் கொடுப்பதும் அங்கே கட்டாயம் (அந்தச் சட்டத்தின் பிரிவு 15ஏ).

விபத்து மரணத்துக்கு வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் தீர்ப்பாயத்தில் மனு போட 6 மாதமே தருகிறது.

படி 6: தீர்ப்பு நாள்

விடுதலை ஆனாலும், குற்றம் குறைக்கப்பட்டாலும், இழப்பீடு போதாவிட்டாலும் குடும்பம் மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 413). அரசை எதிர்பார்க்க வேண்டாம். முன் அனுமதியும் தேவையில்லை. பிரிவு நாள் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. ஆகவே 30 நாளுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. வன்கொடுமை வழக்கில் 90 நாள்.

தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே, நீதிமன்ற வளாகத்தைவிட்டு வெளியேறும் முன், சான்றிட்ட நகலுக்கு மனு கொடுங்கள். நகல் தயாராகும் நாட்கள் கெடுவில் சேராது; மனு கொடுக்காமல் வீட்டில் இருந்த நாட்கள் சேரும்.