‘ஜெபம் போதவில்லை’ என்று சொல்லாதீர்கள்: துன்ப நேரத்தில் நாம் செய்யும் தவறுகள்

அம்மா ஆஸ்பத்திரியில் 11 நாள் கிடந்து இறந்துபோனார். மும்பை தாராவியில் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் சாலுக்கு அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர், “ஜெபத்துல எங்கயோ குறை இருந்திருக்கு தம்பி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்காக எங்கள் வீட்டிலேயே முழங்காலில் நின்று ஜெபித்தவர்தான். ஆனாலும் அந்த ஒரு பேச்சு ரொம்ப நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா, விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வந்து, எங்கள் நீல டிரம்மை நிரப்பி மூடி வைத்துவிட்டுப் போனார். ஐந்தாறு நாள் இப்படியே. வசனம் எதுவும் சொல்லவில்லை.

கஷ்டத்தில் இருப்பவரிடம் காரணம் தேடுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் கதையை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள். அவருடைய மூன்று சிநேகிதர்கள் வந்து, 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரி. வாயைத் திறந்து ‘நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்’ என்று விளக்க ஆரம்பித்தபோதுதான் கெட்டுப்போனது. அவர்கள் பேசியது பக்தியான பேச்சுதான். ஆனாலும் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அவர்கள்மேல். ‘ஏன், ஏன்’ என்று கதறிய யோபு பேசியதைத்தான் சரி என்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவருக்குக் காரணம் தெரியாமலா இருக்கும்? அவருக்கும் அதை எடுத்துச் சொல்ல மரணப் படுக்கை இடம் இல்லை.

அடுத்தது, விசுவாசி அழக் கூடாது என்ற நினைப்பு. இதில் எங்கள் அப்பா மாட்டிக்கொண்டார். அடக்க ஆராதனையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ‘ஸ்தோத்திரம்’ சொல்லிக்கொண்டே நின்றார். சபையில் பலரும் பாராட்டினார்கள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் சட்னி அரைக்கப் போனவர், மிக்ஸி ஜாரின் மூடியைத் தேடினார். அது எங்கே இருக்கும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். பரணில் பார்த்தார், அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்த்தார், அப்புறம் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து, “ஆண்டவரே, ஏன் இப்படிப் பண்ணினீர்?” என்று சத்தம் போட்டு அழுதார். அந்த மூன்று மாதத்தில் அவர் மனசைத் திறந்து செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சங்கீத புத்தகத்தில் புலம்பல்களுக்குக் குறைவே இல்லை. 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று இயேசு சிலுவையில் கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. இறந்துபோன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அவர் கண்ணீர் விட்டார். கடவுளிடம் கோபமாகப் பேசுகிறவர் இன்னும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பேசுவதை நிறுத்தியவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா? அதில் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற எரேமியா 29:11 வந்துவிட்டால், இந்த வருஷம் வீடு வாங்கிவிடலாம் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். முந்தின வசனத்தைப் படியுங்கள்: 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று இருக்கும். கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பலர் அதற்குள் இறந்திருப்பார்கள். அதுவரை கர்த்தர் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து, இரண்டு தலைமுறையாக மும்பையிலேயே இருக்கிற எங்களுக்கு அட்டையில் உள்ள வரியைவிட இந்த வரி நெருக்கமாக இருக்கிறது.

கடவுளிடம் கணக்கு வைத்து ஜெபிப்பதும் இப்படி ஒரு தவறுதான். எங்கள் சித்தி கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மும்பை மாஹிமில் உள்ள கத்தோலிக்கக் கோயிலில் 1948 முதல் புதன்கிழமைதோறும் நவநாள் என்ற மாதா ஜெபம் நடக்கிறது. மகன் வேலைக்காக 9 புதன்கிழமை போவதாக வேண்டிக்கொண்டார். ஏழாவது புதன் மழையில் தண்டவாளம் மூழ்கி ரயில் ஓடவில்லை, போக முடியவில்லை. வேண்டுதல் முறிந்துவிட்டது, மகன் வேலை போய்விடும் என்று ராத்திரி முழுக்க நடுங்கினார். நவநாளில் தப்பில்லை. வட்டிக்காரனிடம் தவணை கட்டுவதுபோல் பிதாவிடம் பயப்படுவதுதான் தப்பு. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த, ‘முள்’ என்று அவர் சொன்ன வேதனையை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில்தான் கிடைத்தது. அவர் ஜெபத்திலா குறை?

மருந்து விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன்: ஜெபித்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் ‘சுகமாயிற்று’ என்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை விட்டால், நோய் திரும்ப வரக்கூடும். கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவதாகக் கர்த்தர் சொன்ன பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லித்தான் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். மனச்சோர்வுக்கும் இதேதான். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், “அன்னைக்கு ஏங்க்கா எதுவுமே சொல்லலை?” என்று.

“சொல்ல எனக்கு என்னப்பா தெரியும்? தண்ணி நின்னுட்டா அன்னைக்கு முழுக்க நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் ஓடி வந்தேன்” என்றார்.