ஆலோசகரின் கையில் ஒரு கூழாங்கல்: அமர்வில் ஃபிட்ஜெட் பயன்படுத்தத் தொடங்குவது எப்படி?

எதிரில் ஒருவர் தம் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பேனாவை ‘டிக் டிக்’ என்று அழுத்திக்கொண்டிருக்கும் மனநல ஆலோசகரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் கை சும்மா இருந்தால் கவனம் அலைபாய்கிறவர்கள் ஆலோசகர்களிலும் உண்டு. ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) உள்ளவர்கள் மட்டுமல்ல, அன்றைய கடைசி அமர்வில் களைத்து உட்கார்ந்திருக்கும் எவரும் அப்படித்தான். அவர்கள் கையில் வைத்து உருட்டவோ பிசையவோ உதவும் பந்து, கல் போன்ற சிறு பொருள்தான் ஃபிட்ஜெட்.

2009இல் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடியே காகிதத்தில் வடிவங்களைத் தீட்டி நிரப்பியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். அது கிறுக்கலைப் பற்றிய ஆய்வு. ஆலோசனை அறையைப் பற்றியதல்ல. உங்களுக்கு உதவுமா என்பதை நீங்களேதான் பார்த்தறிய வேண்டும்.

படி 1: கை எப்போது பரபரக்கிறது?

ஒரு வாரம் கவனியுங்கள். களைப்பில் என்றால் ஃபிட்ஜெட் உதவலாம். குறிப்பிட்ட ஒருவர் வரும்போதோ, குறிப்பிட்ட பேச்சு எழும்போதோ மட்டும் என்றால், அது உங்களுக்குள் எதையோ தொடுகிறது. அதை உங்கள் ஆலோசனைப் பணியை வழிநடத்தும் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். பந்தைப் பிசைந்து அமுக்கிவிட வேண்டிய விஷயம் அல்ல அது.

படி 2: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

சத்தம் கூடாது, கண்ணை இழுக்கக் கூடாது, ஒரு கைக்குள் அடங்க வேண்டும். 2017இல் உலகையே சுற்றவைத்த, விரல்களுக்கிடையே சுழலும் ஸ்பின்னர் இரண்டாவது விதியிலேயே தோற்றுவிடும். சுழலும் பொருளைப் பார்க்காமல் இருக்க எவராலும் முடியாது. பக்கத்துக்கொரு பொத்தானோ சக்கரமோ கொண்ட சிறு கனசதுரமான ஃபிட்ஜெட் கியூபில் சில பக்கங்கள் சத்தமிடும். மாவுபோல் பிசையும் புட்டியை (putty) இழுக்க இரண்டு கைகள் வேண்டும்.

என் தேர்வு, நடுவில் லேசான குழி விழுந்த தட்டையான கூழாங்கல். கட்டை விரல் அந்தக் குழியில் தானாகப் போய் உட்காரும். முன்னும் பின்னும் ஓர் அங்குலம் நகரும், அவ்வளவுதான். முழங்கை அசையாது.

குழந்தைகள் வரும் அறையில் சிறு காந்த உருண்டைகள் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று ஈர்த்து, குடலைத் துளைத்துவிடக்கூடும்.

படி 3: தனியே பழகுங்கள்

ஓர் ஒலிப்பதிவைப் பத்து நிமிடம் கேளுங்கள், கையில் கல்லோடு. பிறகு கேட்டதை எழுதுங்கள். கல்தான் நினைவில் நிற்கிறது என்றால் வேறு பொருள் தேடுங்கள்.

படி 4: வருபவரிடம் சொல்லுங்கள்

மறைக்காதீர்கள். மேசைக்கடியில் அசையும் கை, தெரிந்து அசையும் கையைவிட அதிகச் சந்தேகம் தரும். “கையில் ஒரு கல் வைத்திருப்பேன். நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்க அது எனக்கு உதவுகிறது. தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், எடுத்து வைத்துவிடுகிறேன்” என்றால் போதும். பலர் மரியாதைக்காக “பரவாயில்லை” என்பார்கள். அந்தச் சொல்லை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். பார்வை இரண்டு முறை உங்கள் கைக்கு வந்தால் கல் பைக்குள் போகட்டும்.

அவர்களுக்கும் சில பொருள்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். ஆனால் அழுகிறவரிடம் எடுத்து நீட்டாதீர்கள். ‘அழுகையை நிறுத்து’ என்று அது காதில் விழக்கூடும்.

படி 5: கீழே வைக்க வேண்டிய நேரம்

தற்கொலை எண்ணத்தையோ வன்முறையையோ ஒருவர் முதல்முறையாகச் சொல்லும்போது இரு கைகளும் வெறுமையாக இருக்கட்டும். இணையவழி அமர்வில் கை திரையில் தெரியாவிட்டாலும் தோள் ஆடுவது தெரியும். முன்பே உங்களைப் பதிவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தொடும் பொருள்களை ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் சோப்பு நீரில் கழுவுங்கள். கழுவ முடியாத துணிப் பந்து, புட்டி போன்றவற்றைப் பொதுவில் வைக்க வேண்டாம்.