பிள்ளை பெற்றவளின் சோற்றுப் பானை: வீடு வீடாகத் தாய்-சேயைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பர்மாவின் யாங்கோன் புறநகரில், தாய்-சேய் நலம் பார்க்கப் பயிற்சி முடித்த ஒரு தங்கச்சியோடு பிள்ளை பெற்ற வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். "நல்லாச் சாப்பிடுறீங்களாக்கா?" என்று கேட்டாள். "மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடுறேன்" என்றார் தாய். நோட்டில் 'உணவு நன்று' என்று எழுதிவிட்டாள். இருபது வருடத்துக்கு முன் நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே இரண்டு சொல்லை எழுதியவள். எடை பார்க்க மறப்பது, கை கழுவச் சொல்ல மறப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'வயிறார' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வது

இருபது வருடத்துக்கு முன் நான் போன அந்த வீட்டில் பத்தியம் கடுமை. நன்றாகத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு, சுட்ட கருவாடு, மிளகு ரசம், அவ்வளவுதான். கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவார்கள். குழந்தைக்கு இரண்டு மாதம், பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. இரண்டு நாளாகப் பால் குடிக்க மறுக்கிறது, வாயைத் திறந்து அழுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை என்றார்கள். சளி கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடியற்காலையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். அங்கிருந்த வயதான டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ என்னம்மா சாப்பிடுறே?" தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் மூச்சு சீராகிப் பால் குடித்தது. குரல் திரும்பச் சில நாள் ஆனது. அப்புறம்தான் தாய் சொன்னார், மூத்த பிள்ளையும் மூன்றாம் மாதத்தில் இப்படியே குரல் அடைத்துப் போய்ச் சேர்ந்தது என்று. முந்தைய பிள்ளையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என் மேல் எனக்கு அந்த ஆத்திரம் இன்றும் தீரவில்லை.

இதுதான் பச்சைக்குழந்தைக்கு வரும் பெரிபெரி. சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு எரித்துச் சக்தியாக்க தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் சர்க்கரை பாதியில் நின்றுபோய் லாக்டிக் அமிலம் சேரும். முதலில் தவிப்பது இதயமும் மூளையும். சோறு கூடக் கூட தயமின் தேவையும் கூடும் என்பதால், வயிறாரச் சாப்பிடுவதே இங்கே ஆபத்தாகிறது.

'தாய் என்ன சாப்பிட்டாலும் பால் சத்தாகத்தான் வரும்' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சத்துக்கு அது பெருமளவு சரி. தாயின் எலும்பிலிருந்தாவது எடுத்துப் பாலில் சேர்த்துவிடும். தயமினுக்கு அந்தச் சேமிப்புக் கிடையாது. உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. பால் கொடுப்பவருக்கு நாளைக்குச் சுமார் 1.5 மில்லிகிராம் வேண்டும். அது குறைந்தால் பாலிலும் குறையும். தாய் நடமாடிக்கொண்டிருப்பார், பிள்ளை விழுந்துவிடும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் சாக, புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு அது அனேகமாக வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டிமார் கையோடு கொண்டுவந்த அந்த அரிசியை இங்கே நாம் விட்டுவிட்டோம்.

ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: என்ன அரிசி? கஞ்சி எங்கே போகிறது (அதோடு தயமினும் போய்விடும்)? தொட்டுக்கொள்ள என்ன? இதற்கு முன் பிள்ளை தவறியதுண்டா, எத்தனை மாதத்தில்? குரலில்லாத அழுகை என்றால் கேள்வியே வேண்டாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

பயறு, பட்டாணியை வாய்வு என்று ஒதுக்க விடுவது

பர்மாக்காரர் காலையில் தின்னும் பே பியோ, அந்த முளைகட்டி வேகவைத்த பட்டாணி, தெருமுனையில் கிடைக்கிறது. அதில் தயமினும் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. நார்ச்சத்துதான் தாயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. பிள்ளையின் குடலில் முதலில் குடியேறுபவற்றில் பல தாயிடமிருந்தே போகின்றன. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நார்ச்சத்துக் குறைந்த தீனி கொடுத்த எலிகளின் குடலில் தலைமுறைக்குத் தலைமுறை நுண்ணுயிர் வகைகள் குறைந்துகொண்டே போயின. நாலாம் தலைமுறைக்கு நல்ல தீனி கொடுத்தும் பெரும்பாலானவை திரும்பவில்லை. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கு நடக்கும் என்று வீடு வீடாகப் போய்ப் பயமுறுத்த வேண்டாம். பட்டாணியைக் குழைய வேகவைத்துக் கொஞ்சமாகத் தொடங்கச் சொன்னால் போதும்.

டீயையும் நாப்பியையும் கேட்காமல் வருவது

டீயும் வெற்றிலைப் பாக்கும் தயமினை வீணாக்கும். சாப்பாட்டோடு சேர்க்க வேண்டாம். நாப்பி என்கிற பர்மியப் புளித்த மீன் விழுதும் பச்சையாகத் தின்றால் அப்படியே, அதனால் அதைக் கொதிக்க வைத்துச் சாப்பிடட்டும்.

சேனைத் தண்ணீர்

பிறந்த பிள்ளையின் நாக்கில் வைக்கும் சீனித் தண்ணீரும் தேனும் வேண்டாம். பிள்ளையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை தாய்ப்பாலில் இருக்கிறது. அது பிள்ளையின் குடலிலுள்ள பிஃபிடோ பாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிருக்குச் சாப்பாடு. சீனித் தண்ணீரில் அது இல்லை. தேன் ஒரு வயதுவரை நாக்கிலும் படக்கூடாது.

தாயிடம் மட்டும் பேசுவது

பானை மாமியார் கையில். போன மாதம் அந்தத் தங்கச்சியைத் திரும்ப உள்ளே அனுப்பினேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, கஞ்சியை என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். அவர் பின்வாசல் சாக்கடையைக் காட்டினார். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தாள்.